பியூரெட்டக்கா கைகட்டி நின்ற கதை

வேதியியல் துறை அலுவலகத்துக்கு வெளியே இருந்த அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டி மூன்று நாளாகியும் ஒருவரும் அதைச் சீண்டவில்லை. "கற்பித்தலும் கற்றலும்: நான்கு நாள் பயிலரங்கு. விருப்பமுள்ள ஆசிரியர்கள் கீழே பெயர் எழுதவும்" என்று அச்சடித்து, அடியில் எட்டுக் கோடுகள் போட்டிருந்தார்கள். எட்டும் காலி. பருவத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குகிற நேரம். அதில் நான்கு நாளை யார் தூக்கிக் கொடுப்பார்கள்?

நான்காம் நாள் காலை முதல் கோட்டில் ஒரு பெயர் இருந்தது. குடுவைகளில் எண் போடுகிற தடித்த நீலப் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அன்று மாலைக்குள் அந்தப் பெயரின் மேல் யாரோ ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு கிழித்திருந்தார்கள்.

எழுதியவள் பியூரெட்டக்கா. முதலாமாண்டு ஆய்வகத்தின் பயிற்றுநர். பதினேழு வருடமாக அதே ஆய்வகம், அதே பன்னிரண்டு மேசைகள். பியூரெட் என்பது கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். கீழே ஒரு திருகு இருக்கும். அதைத் திருகிச் சொட்டுச் சொட்டாகத் திரவத்தைக் குடுவைக்குள் விட வேண்டும். குடுவை நிறம் மாறுகிற அந்தச் சொட்டோடு நிறுத்த வேண்டும். முதலாமாண்டுக்காரர்கள் எல்லோரும் இதைக் கற்றே தீர வேண்டும். எந்தக் குழாயின் நுனியில் காற்றுக்குமிழ் சிக்கியிருக்கிறது என்பதை ஆய்வகத்தின் அந்தக் கோடியில் நின்றே அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வந்த பெயர்தான் பியூரெட்டக்கா. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பியூரெட்டக்கா. அவளுக்கும் தெரியும். "நல்லவேளை, டெஸ்ட்டியூப்னு வைக்கல" என்று கணவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஒல்லியான உடம்பு, நாற்பத்து மூன்று வயது, மின்னல் மாதிரிக் கை. அந்தக் கையைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

பயிலரங்குக்குப் போக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் எழுபத்தொன்று என்கிற எண். அந்தப் பருவத்தில் நூற்றெண்பது பேர் செய்முறைத் தேர்வு எழுதினார்கள். எழுபத்தொரு பேர் தோற்றுப்போனார்கள். அத்தனை பேரும் வாராவாரம் அவள் கண் முன்னால் சரியாகச் செய்தவர்கள். குறிப்பேட்டைப் புரட்டினால் விடைகள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. தேர்வன்று மட்டும் பயிற்றுநர் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அவள் கதவுக்கு வெளியே நின்ற அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தது? துறையில் ஒவ்வொருவரையும் கேட்டாள். "பசங்க படிக்கிறதில்லம்மா" என்றார்கள். வாராவாரம் சரியாகச் செய்கிறவர்கள் படிக்காமல் எப்படிச் செய்வார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

பெயரை அடித்தது யார் என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. ஸ்கேல் தலைமை எழுத்தரின் மேசை மேலேயே கிடந்தது.

"ஆசிரியர்கள்னு தெளிவாப் போட்டிருக்கு. நீங்க பயிற்றுநர்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"வாரத்துக்கு ஆறு பேட்ச், நூத்தி எண்பது பேரு. நான் அவங்களுக்குச் செய்யிறதுக்குப் பேரு என்ன சார்?"

தலைமை எழுத்தர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டே சொன்னார். "ஆசிரியருக்கு உதவி. பணி விவரத்துல அப்படித்தான் இருக்கு."

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நேரே துறைத்தலைவரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். யார் மனமும் கோணக் கூடாது என்பதாலேயே எதையும் முடிவு செய்யமாட்டார். "நடத்துற ஒருங்கிணைப்பாளரையே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்று கைகழுவினார்.

ஒருங்கிணைப்பாளரின் அறை நூலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக் கடைசியில் இருந்தது. கல்வியியல் துறையிலிருந்து வந்த அம்மாள். குள்ளமான உருவம், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. மேசை முழுக்க மஞ்சள் சீட்டுக் கட்டுகள்.

"விதியில ஆசிரியர்கள்னு இருக்கு. பதிவாளர் ஆபீஸ்ல பட்டியலைப் பாத்துத்தான் சான்றிதழ் போடுவாங்க" என்றாள்.

"சான்றிதழ் வேண்டாம் மேடம்."

"நாற்காலி முப்பதுதான் இருக்கு."

"லேப் ஸ்டூல் ஒண்ணைத் தூக்கிட்டு வந்துர்றேன்."

"சாப்பாடும் முப்பது பேருக்குத்தான் சொல்லியிருக்கு."

"டிபன் பாக்ஸ் இருக்கு மேடம்."

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஒரு முறை முழுசாகப் பார்த்தாள். "வேற என்ன தடை சொல்லலாம்னு யோசிச்சுப் பாக்குறேன். ஒண்ணும் வரமாட்டேங்குது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துருங்க."

வீட்டில் கணவன் முணுமுணுத்தான். நகரப் பேருந்து ஓட்டுநர் அவன். அந்த வாரம் பகல் ஓய்வு கிடைத்திருந்தது. "நாலு நாள் ரெண்டு பேரும் நிம்மதியா வீட்ல இருக்கலாம்னு பாத்தா, கூப்பிடாத இடத்துக்குப் போறேங்குற. அங்க யாராவது ஒரு மாதிரி பேசினா?"

"பேசட்டுங்க. காது ரெண்டு இருக்கு. ஒண்ணுல வாங்கி இன்னொண்ணுல விட்டுர்றேன்" என்றாள்.

திங்கட்கிழமை ஸ்டூலைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். மூச்சு வாங்கப் போய்ப் பார்த்தால் வந்திருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். ஏழு நாற்காலி காலி. ஸ்டூலைச் சுமந்ததுதான் மிச்சம்.

காலி நாற்காலி ஒன்றின் பக்கத்தில் இயற்பியல் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் ஒலிபெருக்கி இல்லாமல் இருநூறு பேருக்குப் பாடம் நடத்தியவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கர்ஜனை. சாதாரணமாக நேரம் கேட்டாலே பக்கத்து அறையில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பதவி உயர்வுக்கு ஏதோ ஒரு பயிற்சி காட்ட வேண்டும் என்பதால் வேண்டாவெறுப்பாக வந்திருந்தார்.

"நீங்க லேப் ஆளாச்சே? புரொஜெக்டர் பாக்க வந்தீங்களா?" என்றார். அறை முழுக்கக் கேட்டது.

"இல்ல சார். உங்க பக்கத்துல உக்கார வந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

முதல் நாள் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டுக் கொடுத்தார்கள். வருடா வருடம் மாணவர்கள் ஒரே தவற்றைச் செய்கிறார்களே, ஏன்? பெயர் போடாமல் எழுத வேண்டும். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொன்றாகப் படித்தாள். படிப்பதில்லை. கவனம் இல்லை. கைபேசி. அடிப்படை சரியில்லை. படிப்பதில்லை. மறுபடியும் கைபேசி. கடைசிக்கு முந்தைய சீட்டில் தடித்த நீல எழுத்தில் "எனக்குத் தெரியவில்லை" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் மற்றச் சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த ஒண்ணை வெச்சுத்தான் நாம மேல போக முடியும்" என்றாள்.

கர்ஜனை பக்கவாட்டில் பார்த்தார். பியூரெட்டக்கா நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள்தான் அவளுக்குச் சோதனை நாள். நான்கு நான்கு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் பத்து நிமிடம் எதையாவது கற்பிக்க வேண்டும். அந்த விஷயமே தெரியாத ஒருவர் கற்க வேண்டும். மற்றவர்கள் பார்த்து எழுத வேண்டும். நல்லது கெட்டது எழுதக் கூடாது. கண்ணால் கண்டதை மட்டும், நேரத்தோடு எழுத வேண்டும்.

பியூரெட்டக்காவிடம் கற்க வந்தவர் வரலாற்று ஆசிரியர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆய்வகத்தின் வாசலையே மிதிக்காதவர், கூச்ச சுபாவம். பார்த்து எழுத உட்கார்ந்தவர்களில் ஒருவர் கர்ஜனை. அவள் பையிலிருந்து பியூரெட்டையும் தாங்கியையும் எடுத்துப் பூட்டினாள். நீர்த்த அமிலமும் நிறம் காட்டுகிற கரைசல் இரண்டு சொட்டும் குடுவையில், காரம் குழாயில். தினமும் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். பத்து நிமிடம் முடிவதற்குள் குடுவையில் பார்த்தும் பார்க்காததுமாக ஓர் இளஞ்சிவப்பு வந்து நின்றது. அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. கைதட்டல் வரும் என்றே எதிர்பார்த்தாள்.

கர்ஜனை தன் தாளைத் தூக்கிப் படித்தார். "முதல் நிமிஷம். இவர் பியூரெட்டை எடுத்தாரு. அவங்க வாங்கி மாட்டினாங்க. ரெண்டாவது நிமிஷம். இவர் புனலை வெச்சாரு. அவங்க எடுத்து நேரா வெச்சாங்க. மூணாவது நிமிஷம். இவர் திருகைத் தொட்டாரு. அவங்க இவர் கையை நகர்த்திட்டுத் தானே திருகிக் காட்டினாங்க." இப்படியே போயிற்று. கடைசியில் கூட்டுத்தொகை. "பத்து நிமிஷத்துல சாமான் இவர் கையில இருந்தது ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. மீதி எல்லாம் அவங்க கையில."

அவரால் மெதுவாகப் பேச முடியாது என்பதால் மற்றக் குழுக்களும் திரும்பிப் பார்த்தன.

வரலாற்று ஆசிரியர் பதறிப்போனார். "ஐயோ, எனக்கு நல்லாத்தாங்க இருந்துது. கஷ்டமே தெரியல" என்றார். பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டுமே என்று தயங்கித் தயங்கிச் சேர்த்துக்கொண்டார். "ஆனா இப்ப தனியாச் செய்யச் சொன்னீங்கன்னா, எங்க ஆரம்பிக்கிறதுன்னே எனக்குத் தெரியாது."

பியூரெட்டக்கா சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தாழ்வாரத்துக் குழாயில் பியூரெட்டைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். முதலில் கர்ஜனையின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடம் தொண்டை கிழியக் கத்துகிற மனிதருக்கு அடுத்தவரின் குறைதான் கண்ணில் படும். பிறகு அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. தயங்குகிற விரலைப் பார்த்தாலே அவள் கை முந்திக்கொண்டு நீளும். "இப்படிம்மா", "இங்க குடு", "தள்ளு, நான் காட்டுறேன்". குறிப்பேடுகளில் இருந்த கச்சிதமான விடைகள் எல்லாம் யாருடையவை? பதினேழு வருடமாக வாராவாரம் தேர்வு எழுதியது அவள்தான். அவளை வெளியே நிறுத்திய ஒரே நாளில் பிள்ளைகள் தனியாக நின்றார்கள். உதவி என்று தலைமை எழுத்தர் சொன்னபோது அத்தனை ரோஷம் வந்ததே! உதவி ஒன்றுதான் அங்கே நடந்திருக்கிறது.

அழுகை வந்தது. அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒருங்கிணைப்பாளரின் முன்னால் நின்றாள்.

"நாளைக்கு எனக்கு இன்னொரு தடவை குடுங்க மேடம்."

"நாளைக்கு நிகழ்ச்சி நிரல்ல இடமே இல்லையே."

"சாப்பாட்டு நேரத்துல?"

"அவங்க எல்லாம் சாப்பிட வேண்டாமா?"

அவள் திரும்பி வரலாற்று ஆசிரியரைப் பார்த்தாள். அவர் சரியென்று தலையாட்டினார். கர்ஜனை, "நான் தட்டைக் கையில வெச்சுக்கிட்டே எழுதுவேன்" என்றார்.

மறுநாள் மதியம் அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். வரலாற்று ஆசிரியர் குழாயின் வாயில் வைத்த புனலை எடுக்க மறந்தார். அவள் உதட்டைக் கடித்தாள். குழாயின் நுனியில் குமிழ் இருந்தது. "அந்த நுனியில என்ன தெரியுது பாருங்க" என்று மட்டும் கேட்டாள். அவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு உள்ளங்கை அரித்தது. நான்காவது நிமிடம் ஒரு கை தானாகப் பிய்த்துக்கொண்டு வந்து திருகின் அருகே போய்விட்டது. "ஒண்ணு" என்றார் கர்ஜனை, வாயில் சோற்றோடு. கை பின்வாங்கியது. எட்டாவது நிமிடம் இன்னொரு முறை. "ரெண்டு." வரலாற்று ஆசிரியர் சட்டைக் கையை நனைத்துக்கொண்டார், முதல் குடுவை அடர்சிவப்பாகிப் பாழானது, இரண்டாவதும் பாழ். மூன்றாவது குடுவையில் இளஞ்சிவப்பு வந்தபோது, "வந்துருச்சு! வந்துருச்சுங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் கர்ஜனையே ஒரு நிமிடம் வாயடைத்துப்போனார்.

"இருபத்தி மூணு நிமிஷம்" என்றார் பிறகு. "நூத்தி எண்பது பேருக்கு இப்படி நின்னீங்கன்னா விளங்கின மாதிரிதான்."

"நிக்கத்தான் போறேன் சார்."

சான்றிதழ் எல்லோருக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை. பட்டியலில் பெயர் இல்லையே. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வீட்டுக்குப் போனதும் மகளிடம்தான் முதலில் கதையைச் சொன்னாள். பதினைந்து வயது மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள், ஆச்சரியப்படவே இல்லை.

"இதுக்கு நாலு நாள் பயிலரங்கா? என்னைக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பேன். ரெண்டாங்கிளாஸ்ல என் பென்சிலைப் புடுங்கி நீயே வீட்டுப்பாடம் எழுதினவதானேம்மா நீ?"

"எப்போடி?"

"இப்பக்கூடப் பாரு, கத்தியை வாங்குறதுக்குக் கையை நீட்டிட்டு நிக்குற."

அவள் கீழே பார்த்தாள். கை நீண்டுதான் இருந்தது.

புதிய பருவம் தொடங்கியது. முதல் வாரமே ஆய்வகம் சந்தைக்கடை ஆயிற்று. பியூரெட்டக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்தாள். எங்காவது யாராவது விழித்தால், "இப்ப என்ன பாக்குறே?" என்று கேட்டாள்; அடுத்து, "அதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டாள், காத்திருந்தாள். பிள்ளைகள் பேய் முழி முழித்தார்கள். ஒரே வாரத்தில் பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாய் நான்கு, குடுவை இரண்டு உடைந்தன. இரண்டு மணி நேரத்தில் ஒரு மேசைகூட வேலையை முடிக்கவில்லை; அடுத்த பேட்ச் வெளியே நின்று கதவைத் தட்டியது. மூன்றாம் வாரம் துறைத்தலைவரிடம் பதினான்கு கையெழுத்தோடு ஒரு கடிதம் போயிற்று. மேடம் இந்த வருடம் எதுவுமே சொல்லித்தருவதில்லை, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"பேசாமப் பழையபடியே செஞ்சுடலாமே. எல்லாருக்கும் நிம்மதி."

"பழையபடி செஞ்சா எழுபத்தொண்ணு சார்."

"இப்படிச் செஞ்சு நூறாயிட்டா?"

அந்தக் கேள்வி வீட்டில் தட்டைக் கழுவும்போதும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுதான்.

"ஆகலாம் சார்" என்றாள். "ஆனா, நூறு பேருக்கு எது வரலங்கிறதை இந்தத் தடவை நான் கண்ணால பாத்திருப்பேன்."

எதையும் முடிவு செய்யாத துறைத்தலைவர் அன்றும் முடிவு செய்யவில்லை. "செய்முறைத் தேர்வு வரைக்கும் பாப்போம்" என்றார். அவருடைய அந்தக் குணம் முதல் முறையாக அவளுக்குக் கைகொடுத்தது.

அன்று வீட்டில் கணவன் கேட்டான். "அவங்களுக்கே வேண்டாங்கும்போது உனக்கெதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"அவங்களுக்கு வேண்டாங்கிறது கஷ்டத்தை. பாடத்தை இல்ல" என்றாள். "ஆனா கஷ்டத்தை நான் ஒரேயடியாத் தலையில கொட்டிட்டேன். தப்பு அங்கதான் இருக்கு."

வியாழன்தோறும் மூன்றாவது மாடிக்குப் போய் ஒருங்கிணைப்பாளரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். அந்தப் பேச்சிலிருந்து ஒரு வழி பிறந்தது. அடுத்த இரண்டு வாரம் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. வெறும் தண்ணீர். குழாயைப் பூட்டு, நிரப்பு, அளவைப் படி, ஒரே ஒரு சொட்டு விழ வை. இருவர் இருவராக, ஒருவர் செய்ய ஒருவர் பார்த்து எழுத வேண்டும். "இது என்ன, தண்ணித் திருவிழாவா?" என்று கிண்டல் செய்தார்கள். செய்தார்கள், ஆனாலும் சொட்டு ஒழுங்காக விழுந்தது. ஐந்தாம் வாரம் கண்ணாடி எதுவும் உடையவில்லை.

அந்த நாள்களில்தான் இடதுகைப் பழக்கமுள்ள ஒரு மாணவி அவளுக்குப் பாடம் எடுத்தாள். இடக் கையால் திருக வேண்டும், வலக் கையால் குடுவையைச் சுழற்ற வேண்டும் என்பது கையேட்டில் உள்ள முறை. இடதுகைக்காரர்கள் சுழற்றத் தெரியாமல் குடுவையைத் தாங்கியில் முட்டுவார்கள். பதினேழு வருடமாக அவர்களிடம் பியூரெட்டக்கா சொன்னது ஒன்றுதான்: பழகிக்கோ. இந்தப் பெண் மூன்று முறை முட்டினாள். நான்காவது முறை பெருமூச்சு விட்டு, தாங்கியையே அப்படியே மறுபக்கம் திருப்பி வைத்தாள். திருகு வலப்பக்கம் வந்துவிட்டது. வலக் கையால் திருகி, இடக் கையால் அழகாகச் சுழற்றினாள். பக்கத்தில் நின்ற பியூரெட்டக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், "ஏய், அதை ஏன் திருப்புற?" என்றுதான் கேட்டிருப்பாள். மாலை ஆய்வகத்தைப் பூட்டுமுன் கையேட்டின் அந்தப் பக்கத்தில் நீலப் பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்.

செய்முறைத் தேர்வன்று வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே கண்ணாடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த விரல்களை இறுக்கிக்கொண்டாள். முடிவு வந்தபோது முப்பத்தெட்டுப் பேர் தோற்றிருந்தார்கள். எழுபத்தொன்று எங்கே, முப்பத்தெட்டு எங்கே! துறைத்தலைவர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

அதனால் எல்லாம் சுபம் என்று ஆகிவிடவில்லை. அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்துப் போட்ட மாணவன் முப்பத்தெட்டில் ஒருவன். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது, "நீங்க சொல்லிக்குடுத்திருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். சனிக்கிழமைகளில் வரச் சொன்னாள். இரண்டு சனிக்கிழமை வந்தான், மூன்றாவது வரவில்லை. ஆள் அனுப்பினாள், பதில் இல்லை. அவனுக்கு வேறு ஏதோ முறை வேண்டியிருந்தது; அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. மற்ற முப்பத்தேழு பேரையும் பட்டியல் போட்டு, யாருக்கு எந்த இடத்தில் கை நின்றது என்று எழுதினாள். இருபத்தாறு பேர் அளவைப் படிப்பதில் கோட்டை விட்டிருந்தார்கள். அடுத்த பருவத்துக்கு அதிலிருந்தே தொடங்கினாள்.

இதற்கிடையில் செவ்வாய்க்கிழமைகளில் கர்ஜனை ஆய்வகத்துக்கு வந்து மூலையில் உட்காரத் தொடங்கியிருந்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஒரு நாள் போகும்போது, "நேத்து கிளாஸ்ல ஒரு கேள்வி கேட்டுட்டுப் பதில் வர்ற வரைக்கும் பேசாம நின்னேன். பதினேழு செகண்டு. உசுரே போயிருச்சு" என்றார். அவரால் முடிந்த அளவுக்குத் தணிந்த குரலில்.

எல்லாத் துறை ஆய்வகப் பயிற்றுநர்களுக்கும் ஒரு பயிலரங்கு வைக்க வேண்டும், அதை இவள்தான் நடத்த வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் பதிவாளருக்கு எழுதினாள். விதியில் ஆசிரியர்கள் என்றுதானே இருக்கிறது என்று கடிதம் திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள், கர்ஜனையும் கையெழுத்துப் போட்டார். மறுபடியும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை கர்ஜனை கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனார். என்ன பேசினார் என்பதை மூன்று தளத்திலும் உள்ளவர்கள் வரி பிசகாமல் கேட்டார்கள். அடுத்த சுற்றறிக்கையில் "கற்பிக்கும் பணியிலுள்ள அனைவரும்" என்று இருந்தது.

பத்தொன்பது பேர் வந்தார்கள். உடற்கூறியல் ஆய்வகம், கணினி ஆய்வகம், மொழி ஆய்வகம், இயந்திரப் பட்டறை. பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே பட்டறைப் பயிற்றுநர் கையைத் தூக்கினார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"எங்க லேத் மெஷின்ல நான் கையைக் கட்டிட்டு நின்னா அவன் விரல் போயிரும் அக்கா. உங்க வித்தையெல்லாம் தண்ணிக்குத்தான் சரி."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். முந்தைய பியூரெட்டக்காவாக இருந்தால் உடனே பதிலை எடுத்து நீட்டியிருப்பாள். இப்போது காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க வேலையில எத்தனை படி இருக்கு?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதினொண்ணு."

"அதுல எந்தெந்தப் படியில விரல் போகும்?"

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. "நாலுல" என்றார்.

"அந்த நாலுல கையை எடுக்காதீங்க. மீதி ஏழுல?"

பட்டறைப் பயிற்றுநர் பேனாவைத் திறந்தார். காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் படிகளை எண்ண ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வருட முடிவில் தோற்றவர்கள் பத்தொன்பது. அதற்கு மேல் எண் இறங்க மறுத்தது. காரணம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது: நேரம். தானே செய்து பழக இரண்டு மணி நேரம் போதாது, மூன்று வேண்டும். கல்விக் குழுவுக்கு மனுக் கொடுத்தாள். குழுவின் முன்னால் ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர் வந்து நின்றதாக முன்னே பின்னே சரித்திரம் இல்லை. நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். நடுவில் புலத்தலைவர். அவள் நான்கு பருவத்துக் குறிப்புகளையும் கொண்டுபோயிருந்தாள். எந்த வாரத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை நிமிடம் பற்றாமல் போயிற்று, எத்தனை கண்ணாடி உடைந்தது, எப்போது உடைவது நின்றது.

"கால அட்டவணையில இடமே இல்லையேம்மா" என்றார் புலத்தலைவர்.

"இருக்கு சார்." அவள் கால அட்டவணையையும் எடுத்து விரித்தாள். "புதன், வெள்ளி மதியம் எங்க லேப் பூட்டித்தான் கிடக்குது. சாவி என்கிட்டதான் இருக்கு."

குழு அரை மணி நேரம் பேசியது. அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் பேசியது. மறுபடி கூப்பிட்டார்கள்.

"மூணு முடியாது. ரெண்டரை மணி நேரம் தர்றோம்" என்றார் புலத்தலைவர், பெரிய சலுகை செய்தவர் போல.

அவள் தாள்களை அடுக்கிக் கோப்பில் வைத்தாள்.

"ரொம்ப நன்றி சார். மீதி அரை மணி நேரத்துக்கு அடுத்த வருஷம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஆய்வகத்தைப் பார்த்து நடந்தாள். இரண்டு மணி பேட்ச் வருகிற நேரம்.